மலை தமிழனுடையது; முடிவு எவருடையது?

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தை ஒட்டி நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 1,500 கோடி உருபாச் செலவில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கு இடந்தரவியலாதென்று தமிழ்நாட்டரசு 2022 பிப்பிரவரியில் உச்சநயன்மன்றத்தில் உறுதியாவணம் கொடுத்தது. திட்டம் முடங்கிற்று. இதனை வெற்றியென்று கொண்டாடுவார் உளர். சீனம் தன் கூடத்தை 2025-இல் இயக்கத் தொடங்கிவிட்டதே என்று புலம்புவாரும் உளர். இருசாராரும் கேளாத கேள்வியொன்றுண்டு: தமிழ்மண்ணில் எவ்வாராய்ச்சி, எங்கு, எவ்வாறு நிகழவேண்டுமென்று முடிவு செய்வோர் யாவர்?

தமிழன் அறிவியலை வெறுப்பவனல்லன். வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதற் கண்ட ஆய்வுகளுள் ஒன்று 1965-இல் கோலார்ப் பொற்சுரங்கத்தில் நிகழ்ந்தது. அச்சுரங்கத்திற் குருதி சிந்தி உழைத்தவருள் பல்லாயிரவர் தமிழரே.

நியூட்ரினோ எவர்க்கும் தீங்கு செய்வதன்று. கதிரவனினின்று வருவன நொடிதோறும் கோடிகோடியாய் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. இவ்வெளிய உண்மையை உழவனுக்கு அவன் மொழியில், முடிவெடுக்கு முன்பே சொல்லியிருப்பின், அணுக்குண்டென்றும் அணுக்கழிவென்றும் புரளி அத்துணை விரைவிற் பரவியிராது. ஆயின் அவனுடைய மெய்யான அச்சம் வேறு. 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் பள்ளத்தாக்கு அது. மலைக்குள் வெடிவைத்தால் ஊற்றுக்கண் என்னாகும், அணை என்னாகும் என்று அவன் கேட்டது அறிவியற் கேள்வியே. அதற்கு விடையாய்க் கிடைத்ததென்ன? சூழல் தாக்க அறிக்கை உருவாக்கிய கோவை நிறுவனம் அப்பணிக்குரிய ஒப்புறுதி பெற்றதன்று. கேரளத்து மதிகெட்டான்சோலைக் காப்புக்காடோ ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் இசைவை நிறுத்திவைத்தது. மறு ஆண்டே நடுவணரசு இத்திட்டத்தைக் கட்டட வேலை வகையில் அடக்கி, தனிநேர்வென்று சொல்லி, மீண்டும் இசைவு தந்தது. இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் கட்டடமாம்!

திட்டத்தை முன்னின்று நடத்தியது மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். சென்னைக் கணித அறிவியல் நிறுவனமும் கூட்டிலிருந்தது. அதுவும் நடுவண் அணுவாற்றல் துறையைச் சார்ந்ததே. தில்லியின் கணக்கை ஒத்துப் பார்க்கும் தனிக்கணக்கொன்றைத் தமிழ்நாட்டின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமன்றோ போட்டிருக்க வேண்டும்?

அண்ணா பல்கலைக்கழகம் அப்போது எந்நிலையிலிருந்தது? 2016 மே முதல் 2018 ஏப்பிரல் வரை, மலைவழக்கு முற்றிய அதே காலத்தில், அதற்குத் துணைவேந்தரே இல்லை. பின்பு ஆளுநர் அமர்த்தியவர் கருநாடகத்தினின்று வந்தார். தமிழ்நாட்டில் தகுதியுடையார் ஒருவருமிலரோ? 2020-இல் அவர், உயர்சிறப்பு நிறுவனத் தகுதி குறித்துத் தமிழ்நாட்டரசைக் கலந்துகொள்ளாமலே நடுவணரசுக்கு மடலெழுதினார். தலைமையின் முகம் தில்லியை நோக்கியிருக்க, பேராசிரியர் எவர் துணிந்து பொட்டிப்புரத்திற்கு அளவுகோலோடு செல்வார்?

உள்நிலையும் அதுவே. கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் 2010-இல் தமிழிற் கற்பிக்கத் தொடங்கப்பெற்றன. 2023 மேத் திங்களில், உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பெழுந்ததும் மறு அறிவிப்பால் திரும்பப் பெறப்பட்டது. ஓர் அறிவிப்பிற் சாகவும் இன்னோர் அறிவிப்பிற் பிழைக்கவுமாய்த் தமிழ்ப் பொறியியல் கிடக்கின்றது. அவ்வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அதில் என்ன சொல்லுரிமை?

துணைவேந்தரை அமர்த்துவதில் ஆளுநர்க்குள்ள கை எடுபடல் வேண்டும். அது தமிழ்நாட்டு அமைச்சர் கைக்கு மாறிவிட்டாற் போதாது. ஆசிரியர் தாமே தேர்ந்தெடுத்த பேரவைக்கு அதிற் பங்கு வேண்டும். பாடமொழியை மாற்றும் எம்முடிவும் அப்பேரவையின் ஒப்புதலின்றி வெளிவருதல் கூடாது. போடிநாயக்கனூரில் 2012 முதல் அரசு பொறியியற் கல்லூரி இயங்குகின்றது. கம்பம் பள்ளத்தாக்கின் பாறையையும் நிலத்தடி நீரையும் அளந்து, ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு ஊராட்சிதோறும் வைக்கும் பொறுப்பையும், அதற்கான பணத்தையும் தமிழ்நாட்டரசு அக்கல்லூரிக்கு இவ்வாண்டே ஒதுக்குதல் வேண்டும்.