பிசிறு பனியன்ல மட்டும்தானா?

திருப்பூர்ல ஒரு டி-ஷர்ட் எப்படித் தேறுதுன்னு பார்த்தவங்களுக்குத்தான் என் கோவம் புரியும். தைச்சு வந்ததை டேபிள்ல போட்டு, கழுத்து, கை, அடிமடிப்புன்னு ஓரம் ஓரமாப் பார்த்து பிசிறு வெட்டுவாங்க. அப்புறம் செக்கிங். நூல் தொங்கினா உருப்படி தனியா ஒதுங்கிடும். பையர் தரப்பு ஆள் வந்து ஏ.க்யூ.எல். 2.5-ன்னு கணக்கு வச்சு சாம்பிள் எடுப்பார். குறை அளவு தாண்டினா மொத்த லாட்டும் மாட்டிக்கும்.

சரி, அதே கம்பெனி வாசல்ல நின்னு போர்டை நிமிர்ந்து பாருங்க மக்களே! ஃபோம் ஷீட்ல வெட்டின எழுத்து. ஓரம் பூரா பல்லு பல்லா நிக்குது. ஸ்க்ரூ குழி அப்படியே இருக்கு. அதுக்கு மேலயே பெயிண்ட்.

செஞ்சவரைக் கேட்டா, "ரேட்டு கட்டாதுங்ண்ணா." செய்யச் சொன்னவரைக் கேட்டா, "ஏனுங்க, அத்தன உசரத்துல ஓரத்தை யாருங்க பாக்கறாங்க?"

நான் பாக்கறேனுங்க. சாயங்கால வெயில் சாய்வா விழும்போது ரோட்டுல போற எல்லாரும் பாக்கறாங்க.

பி.வி.சி. ஃபோம் ஷீட்டோட மேல்தோல் வழவழன்னு இருக்கும், உள்ளே பூராவும் குட்டிக் குட்டி காற்றுக் குமிழி. ரவுட்டர் மெஷின்ல வெட்டினதும் அந்தக் குமிழியெல்லாம் வாயைத் திறந்துக்கும். நேரா பெயிண்ட் அடிச்சா முகம் பளபளக்கும், ஓரம் குடிச்சுட்டு மங்கலா நிக்கும். திறந்த குழியில ஊர்ப் பஞ்சும் தூசியும் போய் உக்காந்துக்கும். அப்புறம் எத்தனை தடவை துடைச்சாலும் கறுப்புதான்.

வைத்தியம் ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்லை. கத்தியால பிசிறைச் சுரண்டி, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைச்சு, பட்டியை மெலிசா இழுக்கணும். குழி ஆழமா இருந்தா ரெண்டு தடவை. ஒரே தடவையில அப்பினா காயும்போது சுருங்கி மறுபடி பள்ளம் விழும். நல்லாக் காய்ஞ்சதும் 400-ல தேய்ச்சு, பிரைமர், அப்புறம்தான் பெயிண்ட். தமிழ் எழுத்துன்னா இன்னும் பொறுமை வேணும். இங்கிலீஷ் 'எல்' ரெண்டு நேர்கோடு. நம்ம 'ண'வுக்கு எத்தனை சுழி! உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்க்கணும். அதைச் செய்யாததாலதான் பல போர்டுல தமிழ் இங்கிலீஷை விட அசிங்கமாத் தெரியுது. எழுத்து மேல ஒரு குறையும் இல்லை சாமி.

இதுல குறுக்கு வழி வேற. பிசிறு மேல லைட்டரைக் காட்டி வழிச்சு விடறது. பி.வி.சி. கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும். தேய்க்கறப்போ பறக்கற வெள்ளைத் தூசியும் நுரையீரலுக்குத்தான் போகுது. அங்கே உக்காந்திருக்கற பையனுக்கு ஒரு மாஸ்க் கூட இல்லை. "ரேட்டு கட்டாது"ங்கறதுக்கு நிஜமான அர்த்தம், மிச்சத்தை அந்தப் பையன் கட்டறான்ங்கறதுதான்.

அதனால திட்டு போர்டு செய்யறவருக்கு மட்டும் இல்லை. பனியன் காஸ்டிங் ஷீட்ல தையலுக்குத் தனியா, செக்கிங்குக்குத் தனியா, அயர்னுக்கும் பேக்கிங்குக்கும் தனியா பைசா கணக்கு போடற ஊரு இது. ஓரம் முடிக்கறதும் வேலைதான், அதுக்கும் கூலி உண்டுன்னு இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர்டு கொட்டேஷன்ல மட்டும் ஏன் சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஒத்தை வரி? 'ஓர வேலை'ன்னு ஒரு வரி சேருங்க. செய்யறவர் கேக்கட்டும், முதலாளி குடுக்கட்டும்.

உங்க பையர் பிசிறை மன்னிக்க மாட்டார். உங்க வாசலை மட்டும் நாங்க ஏன் மன்னிக்கணும்?

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு தெர்மகோல்ல கார் பட்டியைப் பூசிடாதீங்க. அதுல இருக்கற ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைச்சுடும். தின்னரும் அப்படியே. அதுக்குத் தண்ணியில கரையற பட்டி மட்டும்தான். நான் ஒரு முழு எழுத்தைக் கரைச்சுக் கத்துக்கிட்ட பாடம் :-(