வி.ஆர். ஹெட்செட் திணறுதா? நெட் பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ரவுட்டரைப் பாருங்க

சனிக்கிழமை ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் வி.ஆர். கேமை வயர் இல்லாமல் ஓடவிட்டால், முதல் ஐந்து நிமிஷம் அருமையாகப் போகும். அப்புறம் ஆரம்பிக்கும் வினை. தலையைத் திருப்பினால் படம் விக்கும், ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்க்கும், கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டும். உடனே பலர் செய்கிற முதல் காரியம் ஸ்பீட் டெஸ்ட். “நூறு எம்பிபிஎஸ்தான் வருது, பிளானை ஏத்திட்டா சரியாயிடும்” என்று ஒரு முடிவு. அடுத்த மாத பில் ஏறும். விக்கல் மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. மெட்டா குவெஸ்ட் போன்ற ஹெட்செட்டில் ஏர் லிங்க், ஸ்டீம் லிங்க், வர்ச்சுவல் டெஸ்க்டாப் வழியாக கம்ப்யூட்டர் கேமை விளையாடும்போது, படம் இன்டர்நெட்டில் இருந்து வருவதில்லை. அதே வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரில் இருந்து ஹெட்செட்டுக்கும் போகிறது. ஆன்லைன் கேமாக இருந்தால் எதிராளியோடு பேசத்தான் நெட் வேண்டும். படத்தின் தரத்துக்கும் மாதச் சந்தாவுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கணக்கைப் பார்த்தால் இந்தச் சங்கிலி எவ்வளவு இறுக்கமானது என்று புரியும். நொடிக்கு 90 ஃப்ரேம் என்றால், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 11 மில்லி நொடி. 72 ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 14. தலை, கையின் அசைவு கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு படத்தை வரைய வேண்டும், வீடியோவாகச் சுருக்க வேண்டும். அது காற்றில் பறந்து வந்து, ஹெட்செட்டுக்குள் விரிந்து, திரையில் தெரிய வேண்டும். எங்கே தடுமாறினாலும் அடுத்த ஃப்ரேம் தாமதமாகும். கண் ஒன்றைச் சொல்ல, உள்காது வேறொன்றைச் சொல்ல, மூளை குழம்பித் தலைசுற்றல் வருவது இதனால்தான். “பழகிடும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவது தவறு. அந்த இடத்திலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

அறிகுறியே பாதி பதில்

‘லேக் ஆகுது’ என்ற ஒரே வார்த்தைக்குள் நாலு வேறு கோளாறுகளை அடைத்துவிடுகிறார்கள். தலையைத் திருப்பும்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால், புது ஃப்ரேம் நேரத்துக்கு வரவில்லை. ஹெட்செட் பழைய படத்தையே திருப்பிக் காட்டிச் சமாளிக்கிறது. படம் ஓடுகிறது, ஆனால் இருட்டான காட்சிகளும் புல்வெளியும் கட்டம் கட்டமாகக் கலங்கினால், அனுப்பும் பிட்ரேட் போதவில்லை. எல்லாம் தெளிவு, ஆனால் கையை ஆட்டியபின் கொஞ்சம் கழித்துத்தான் வாள் வீசுகிறது என்றால் அது தாமதம். நகரும் பொருள்கள் இரட்டையாகவோ நெளிந்தோ தெரிந்தால், கம்ப்யூட்டரால் முழு ஃப்ரேமையும் வரைய முடியவில்லை. பாதியை வரைந்து மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. இந்தக் கடைசிக் கோளாறுக்கு வைஃபையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கேமுக்குள் போய் ரெசல்யூஷனையும் நிழல் தரத்தையும் குறைத்தால்தான் வழி.

சந்தேகம் இருந்தால் ஒரு யூஎஸ்பி கேபிளைச் செருகி அதே கேமை ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் விக்கினால் பெரும்பாலும் குற்றவாளி கம்ப்யூட்டர்தான். கேபிளில் வெண்ணெய் மாதிரி ஓடினால், சந்தேகம் காற்றின் பக்கம் திரும்பும். வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் உள்ள அளவுப் பலகையை ஆன் செய்தால், கேம், சுருக்குதல், நெட்வொர்க், விரித்தல் என ஒவ்வொன்றும் எடுக்கும் மில்லி நொடியைத் தனித்தனியாகக் காட்டும். நெட்வொர்க் எண் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நின்று, திடீர் திடீரென ஐம்பதைத் தாண்டிக் குதித்தால், அங்கேதான் நோய்.

நாலு கம்பி கேபிள் செய்யும் வேலை

அடிக்கடி நடக்கும் தவறு, கம்ப்யூட்டரையும் வைஃபையில் விடுவது. அப்படிச் செய்தால் ஒரே படம் காற்றில் இரண்டு தடவை பயணிக்கிறது: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு இன்னொரு முறை. இருக்கிற அலைநேரம் பாதியாகிவிடும். ஆகவே கம்ப்யூட்டர் ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளில்தான் இருக்க வேண்டும்.

கேபிள் போட்டும் திணறல் நிற்காதவர்கள் பார்க்க வேண்டிய ஒரு இடம் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியில் ‘லிங்க் ஸ்பீட்’ என்று ஒரு வரி இருக்கும். அது 1000 காட்ட வேண்டும். 100 என்று இருந்தால் கதை முடிந்தது. ஏர் லிங்க்கில் பிட்ரேட்டை 200 எம்பிபிஎஸ் வரை ஏற்றலாம். 150 என்று வைத்தாலே 100 எம்பிபிஎஸ் குழாயில் அது எப்படிப் போகும்? பழைய ரவுட்டர்களில் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். ரவுட்டர் நல்லதாக இருந்தாலும், எட்டு கம்பிக்குப் பதில் நாலு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்த கேபிளாக இருந்தால் வேகம் 100க்கு மேல் ஏறாது. சில நூறு ரூபாய் கேபிளை மாற்றாமல், பல ஆயிரம் ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவது பரிதாபம்.

அடுத்தது ரவுட்டர் இருக்கும் இடம். 2.4 கிகாஹெர்ட்ஸ் இதற்கு உதவாது. புளூடூத், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அங்கேதான் முட்டி மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் என்றால் அதற்கு ஆகாது. ஹாலில் ரவுட்டரும் படுக்கையறையில் ஹெட்செட்டுமாக இருந்தால், நடுவில் நிற்கும் செங்கல் சுவரே வில்லன். நடுவில் ஒரு எக்ஸ்டெண்டரைச் செருகினால் சிக்னல் கோடு கூடும், தாமதமும் கூடவே கூடும். விளையாடும் அறையிலேயே ஒரு தனி வைஃபை 6 ரவுட்டரை வைத்து, கம்ப்யூட்டரை அதில் கேபிளால் இணைத்து, ஹெட்செட்டை மட்டும் அதில் விடுவதுதான் பலருக்குக் கைகொடுக்கும் வழி. அபார்ட்மென்ட் என்றால் வைஃபை அனலைசர் ஆப்பில் நெரிசல் குறைந்த சேனலையும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விஷயங்கள் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் கேபிளில் இருக்கட்டும், ரவுட்டர் அதே அறையில் இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? ‘வயர்லெஸ்’ என்று கொட்டை எழுத்தில் விற்கும்போது, இந்த நிபந்தனையும் விளம்பரத்திலேயே அதே அளவு எழுத்தில் இருப்பதுதான் நியாயம்.

இந்திய வாசகர்களுக்கு இன்னொரு சிக்கல். 2023 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3, வைஃபை 6இ-யை, அதாவது நெரிசல் இல்லாத 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தக்கூடியது. அமெரிக்கா அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸை 2020 ஏப்ரலிலேயே உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்டது. இந்தியாவில் கீழ்ப்பகுதியான 500 மெகாஹெர்ட்ஸுக்கான வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வெளியாயின. எனவே 6இ ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள், வெளிநாட்டு யூடியூபர் சொன்னதை மட்டும் நம்பாமல், இங்கே விற்கும் மாடலில் 6 கிகாஹெர்ட்ஸ் உண்மையிலேயே இயங்குகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.