ஒரே பந்தியில் அமர்வதற்கு



கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான் 1956-ல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே எட்டயபுரம் பகுதியில் உசிலம்பட்டி என்ற சிற்றூர் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவைப் பிள்ளைகள் பலர் தொடவில்லை. சமைத்தவர் தலித் பெண் என்பதால் பெற்றோரே தடுத்தார்கள் என்று செய்தி வந்தது. அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார்கள்.

இச்செய்தி நமக்கு அந்தியோக்கியாவை நினைவூட்டுகிறது. பிற இனத்தாரோடு உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியைவிட்டு ஒதுங்கினார். பவுல் அவரை நேருக்கு நேராக எதிர்த்தார் (கலா 2:11-14). பேதுருவுக்கு விசுவாசக் குறைவு இல்லை. நம்மவர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்தான். உசிலம்பட்டிப் பெற்றோருக்கும் அந்த அச்சம் இருந்திருக்கலாம்.

அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பர் பள்ளிகளைச் சட்டமே பிரித்து வைத்திருந்தது. 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நம் கரிசல் பூமியில் பிரிப்பதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. வேன் போதும். ஒரு காலத்தில் விடியுமுன் தீப்பெட்டி ஆலை வண்டிகள் வந்து பிள்ளைகளை அள்ளிச் சென்றன. அந்தக் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது. இன்று அதே சாலைகளில் ஆங்கிலப் பள்ளி வேன்கள் வருகின்றன. கட்டணம் கட்ட முடிந்தவரின் பிள்ளை ஏறிக்கொள்கிறது. மானாவாரியையும் கூலியையும் நம்பியவரின் பிள்ளை ஊர்ப் பள்ளியிலேயே நின்றுவிடுகிறது. இப்படித்தான் ஊர்ப் பள்ளி ஒரே தெருவின் பள்ளியாகிப் போகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வண்ணக் கயிறுகள் கூடாது, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் வரவேண்டும் என்றது. நல்ல பரிந்துரைகள். ஆனால் வேன் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை அரசாணை மாற்றாது.

இங்கே நம் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோருக்கும் ஒதுக்கப்பட்டோருக்கும் தரவேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராய வேண்டுமென 2025-ல் இரு நீதிபதிகள் கருத்துத் தெரிவித்தார்கள். சிறுபான்மை உரிமை நமக்கு உயிர். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் கேட்காத இடத்தை நற்செய்தி கேட்காதா? சாதிப் பாகுபாடு சமூகப் பாவம் என்று 2016-ல் இந்திய ஆயர்கள் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம் நம் அலமாரியிலும் இருக்கிறது. தூசி தட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

அடுத்த சேர்க்கைக்கு முன் நம் பள்ளிப் பதிவேட்டைப் பங்குப் பேரவை திறந்து பார்க்கட்டும். எந்தத் தெருக்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்? எங்கிருந்து ஒருவரும் வரவில்லை? வராத தெருவுக்கு நாமே விண்ணப்பப் படிவத்தோடு போவோம். வேன் கட்டணத்தை யார் தருவது என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடிப்போம்.