அவளும் பிழைக்கட்டும்!

கல்பாக்கம் அணு உலைக்குப் பக்கத்தில், அணுபுரத்தில் இருந்துகொண்டு உலக அழிவுக் கதைகள் பார்ப்பதே தனி அனுபவம்தான். 'தி 100' அப்படி ஓர் அமெரிக்கத் தொடர். அணுப்போர் முடிந்து 97 வருடம் கழித்து நடக்கும் கதை. லெக்ஸா என்கிற தலைவி, கிளார்க் என்கிற பெண்ணைக் காதலிக்கிறாள். இருவரும் ஒன்று சேர்ந்த உடனேயே, கிளார்க்குக்கு வைத்த குறி தவறி லெக்ஸா செத்துப்போகிறாள். 2016 மார்ச்சில் அது ஒளிபரப்பானபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நியாயம்தானே? அழிந்த உலகத்தில் பிழைத்தவள் காதலித்ததும் சாக வேண்டுமா?

"இருண்ட உலகம் என்றால் சாவு சகஜம்" என்று சிலர் சொல்லலாம். பெண்ணைக் காதலிக்கும் பல பெண்களுக்கு அந்த இருண்ட உலகம் சொந்த வீடுதான்! 2021-ல் மதுரையிலிருந்து அப்படி இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்துவிட, பெற்றோர் 'காணவில்லை' என்று போலீசுக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியல் நிபுணரிடம் போய்ப் பேசினார். வயதுவந்தவர்கள் விரும்பிச் சேர்ந்திருப்பது தெரிந்தால், தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று ஜூன் 7 அன்று போலீசுக்கு உத்தரவிட்டார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், வீட்டார் பிடித்துவைத்த ஒரு பெண்ணை விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றும் சொன்னது.

அடைக்கலம் தந்தவர்கள், வழக்காடியவர்கள், காது கொடுத்துக் கேட்ட நீதிபதி... இதில் இல்லாத விறுவிறுப்பா? கதாசிரியர்களே, சாகடிப்பது சுலபம். எப்படிப் பிழைத்தார்கள் என்று எழுதுங்கள். படிக்கிற யாரோ ஒரு பெண்ணுக்கு அது வழியாகவும் இருக்கும்.