ரப்பருக்கும் எண்ணெய்க்கும் பொருத்தம் பார்த்தாச்சா?

சைக்கிள் பம்பில் காற்று ஏறவில்லை என்றால் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? பம்பைக் கழற்றி, உள்ளேயிருக்கும் வாஷரில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அந்த வாஷர் தோல். எண்ணெய் குடித்ததும் மெத்தென்றாகி, குழாயின் சுவரோடு ஒட்டி நிற்கும். பம்பும் பழையபடி வேலை செய்யும்.

இதே வைத்தியம் ரப்பருக்குச் சரிவராது. இயற்கை ரப்பரில் டீசலோ இன்ஜின் ஆயிலோ பட்டால் உப்பி, வலுவிழந்துவிடும். அதனால்தான் இன்ஜின் ஆயில் சீல்களை நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். கார் பிரேக்கில் இருக்கும் ரப்பர் இன்னொரு ரகம். அதற்கு பிரேக் ஆயில்தான் சேரும். இன்ஜின் ஆயில் பட்டால் கெட்டுப்போகும்.

எண்ணெயே வேண்டாம் என்றும் விட முடியாது. முன்னும் பின்னும் ஓடும் தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால், சீல் உரசிச் சூடாகித் தேய்ந்துவிடும்.

தூத்துக்குடியில் இந்தப் பொருத்தம் உயிர் சம்பந்தப்பட்டது. அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சங்கு குளிப்பது இன்றும் தொடர்கிறது. முன்பு கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார்கள். இப்போது படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து நீளமான குழாய் வழியே காற்று வாங்கி மூழ்குபவர்களும் உண்டு.

கம்ப்ரசருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்கு ரிங்தான் சீல். அது தேய்ந்தால், கீழே இருக்கும் ஆயில் மேலேறிக் காற்றோடு கலக்கும். பஞ்சர் கடையில் அந்தக் காற்று டயருக்குப் போகிறது. கடலுக்கடியில் மனிதனின் நுரையீரலுக்குப் போகிறது. அளவுக்கு மீறிச் சூடானால் ஆயில் கருகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் விஷவாயு அது.

வழி இருக்கிறது. சுவாசக் காற்றுக்கென்றே செய்த கம்ப்ரசர், அதற்குரிய ஆயில், வேளா வேளைக்கு மாற்றும் ஃபில்டர். ஆயிலே தேவைப்படாத டெஃப்லான் ரிங் கம்ப்ரசர்களும் உண்டு. காற்றை இழுக்கும் வாய், இன்ஜின் புகைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

குழாயில் ஆயில் வாடை அடித்தால் அன்றைக்குக் கடலில் இறங்கக் கூடாது. வாடை இல்லை என்பதற்காக அசட்டையாகவும் இருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.