முதுகில் ஊசியா, தொடையில் ஊசியா?

ஊத்துக்குளியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஒரு அம்மாயியை திருப்பூருக்கோ பெருந்துறைக்கோ கோவைக்கோ கொண்டுபோகிறார்கள். கம்பி வைப்பதா, பந்து மாற்றுவதா என்று சொந்தமெல்லாம் கூடி அலசும். மயக்க மருந்துக்கான தாளை மட்டும் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வருவது ஒரே கேள்விதான்: "முதுகுல ஊசி போட்டா காலம்பூரா முதுகுவலி வருமாமே?"

வராது. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். தீராத முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே இறங்குவதால் தண்டுவடத்தில் குத்திவிடும் என்ற பயமும் பெரும்பாலும் வீண்.

ஸ்பைனல் எனப்படும் இந்த முறை பிறந்ததே காலுக்காகத்தான். 1898 ஆகஸ்டில், ஜெர்மனியின் கீல் நகரில், கணுக்கால் மூட்டில் காசநோய் கண்ட ஒரு கூலித் தொழிலாளிக்கு ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் முதுகில் கொக்கைன் செலுத்தி அறுவை செய்தார். பிறகு தன்மீதே அதைச் சோதிக்கப்போய், தண்டுவட நீர் கசிந்து, பல நாள் தலைவலியோடு படுத்துக்கிடந்தார். அந்தத் தலைவலி இன்றும் சிலருக்கு வருகிறது. ஊசிகள் மிக மெலிந்துவிட்டதால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இப்போது கொக்கைனுக்குப் பதில் பூபிவகெய்ன். மூன்று மில்லிக்குள் போதும். பத்து நிமிடத்தில் இரு கால்களும் மரத்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். செலவும் குறைவு. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும் என்பதே இதில் பெரிய கவலை.

எபிடியூரல் என்பது தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயை வைத்து, வேண்டும்போதெல்லாம் மருந்து செலுத்தும் முறை. நீண்ட அறுவைக்கு உதவும். ஆனால் சிறுநீர் அடைக்கலாம், மறு காலும் சேர்ந்து சோரலாம் என்பதால் மூட்டு மாற்றுக்குப் பிறகான வலிக்கு அதன் பயன்பாடு குறைந்துவருகிறது.

மூன்றாவது நரம்புத் தடை. மருத்துவமனைப் பேச்சில் 'பிளாக்'. டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தாமல் ஒரு வீட்டு ஃபியூஸை மட்டும் பிடுங்குவதுபோல, அந்தக் காலுக்குப் போகும் நரம்பை மட்டும் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்து மரக்கவைப்பது. சர்க்கரைப் புண்ணுக்காகப் பாதத்தில் அறுவை, நோயாளிக்கோ பலவீனமான இதயம் என்றால், முழங்காலுக்குப் பின்னே போடும் பிளாக் பெரும் துணை. ரத்த அழுத்தம் அதிகம் அசையாது.

அந்த அம்மாயிக்கு எது? பொதுவாக ஸ்பைனல். ஆனால் அதற்கு அவரை உட்காரவைக்கவோ ஒருக்களிக்கவோ வேண்டும். முறிந்த இடுப்போடு அது சித்திரவதை. அதனால் முதலில் இடுப்பு மடிப்பருகே ஒரு பிளாக் போட்டு வலியைத் தணித்து, பிறகு முதுகில் ஊசி. இரண்டும் போட்டியல்ல, கூட்டாளிகள். முழு மயக்கம் கொடுத்தாலும் பதற வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 60 நாளில் இறந்தவர்கள் அல்லது நடக்க இயலாதவர்களின் விகிதம் ஸ்பைனல், முழு மயக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முழங்கால் மூட்டு மாற்றில் தொடை நரம்பை மரக்கவைத்தால் வலி அடங்கும். தொடைத் தசையும் சோர்ந்து, எழுந்து நிற்கப்போய் விழ நேரலாம். அதனால் நடுத்தொடையின் உட்புறத்தில், தசைவலிமையை அதிகம் கெடுக்காத பிளாக்கை இப்போது விரும்புகிறார்கள்.

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவருக்கு எச்சரிக்கை வேறு. தசை அறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவதை முதலில் காட்டிக்கொடுப்பது கடும் வலிதான். கால் முழுக்க மரத்திருந்தால் அந்த அறிகுறி மறையலாம். அங்கே மருத்துவர் பிளாக் வேண்டாம் என்றால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள்.

கோவை கங்கா மருத்துவமனையை 1978-ல் தொடங்கிய ஜே.ஜி. சண்முகநாதன் மயக்கவியல் மருத்துவர். நம் பக்கத்தில் எலும்பு மருத்துவத்துக்குப் பேர்போன இடம் அவரால் உருவானது. ஆனாலும் மயக்கவியல் மருத்துவரின் பெயரைக்கூட நாம் கேட்டுக்கொள்வதில்லை.

என் கணிப்பு இது: அறுவையைக் கடத்த ஸ்பைனல் போதும்; அன்றைய இரவைக் கடத்தத்தான் பிளாக் வேண்டும். ஆகவே "மரப்பு இறங்கிய பிறகு ராத்திரி வலிக்கு என்னங்க ஏற்பாடு?" என்று கேளுங்கள். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். குளோபிடோக்ரெல் போன்றவற்றை நிறுத்திச் சில நாள் ஆகாமல் முதுகில் ஊசி போட்டால், அரிதாக உள்ளே ரத்தம் கட்டிக் கால் செயலிழக்கலாம். அந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.