குருபக்தியும் வினாவும்

குருவிடம் பக்தி இல்லாதவனுக்கு ஞானம் கைகூடாது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருநாள் வகுப்பில் இப்பேச்சு எழுந்தபோது நண்பர் ஒருவர், "அப்படியானால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவதுதான் பக்தியோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை.

இதற்கு விடை சைவ சித்தாந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார், வயதில் மிக இளையவர். அவர் குடும்பத்தின் குலகுருவோ, ஆகமங்களைக் கரைகண்ட சகலாகம பண்டிதர், ஆதிசைவ மரபினர். இச்சிறுவன் பாடம் சொல்கிறானாமே என்று சினந்து வந்த அவர், "ஆணவத்தின் வடிவம் யாது?" என்று கேட்டாராம். மெய்கண்டார் வாய் திறவாமல் அவரையே உச்சி முதல் உள்ளங்கால் வரை நோக்கினார் என்பது மரபு. உடனே முதியவர் சிறுவனின் திருவடியில் விழுந்தார். வயதும் குலமும் படிப்பும் அங்கே பயன்படவில்லை. அவரே அருணந்தி சிவாச்சாரியார்.

கதை சொல்வோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவர். எனக்கோ பின்னர் நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. அடியில் விழுந்தவர் ஊமையாகிவிடவில்லை. வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிமாறி வரும் 20 பாடல்களால் இருபா இருபஃது என்னும் நூலைத் தம் குருவை முன்னிறுத்தியே பாடினார். அதில் வணக்கமும் உண்டு. ஐயங்கள் அதைவிட மிகுதி. சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலோ பிறமதக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து அதன் பிறகே மறுக்கிறார். தலையாட்டுபவர் செய்யும் வேலையா இது? கீதையின் 4ஆம் அத்தியாயமும், ஞானிகளிடம் கற்கச் செல்பவனுக்கு வணக்கத்தையும் தொண்டையும் மட்டும் விதிக்கவில்லை. அவற்றின் நடுவே கேள்வியையும் வைக்கிறது.

ஆகவே குருபக்தி வேண்டியதே என்பேன். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்னும் செருக்கு நிற்கும் இடத்தில் எந்தப் பாடமும் இறங்காது. செருக்கை விடுவது வேறு, அறிவை அடகு வைப்பது வேறு. இன்று சிலர் பக்தியின் பெயரால் இரண்டாவதையே கேட்கின்றனர்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், நிலம் விற்ற பணத்தைச் சாமியார் ஒருவரிடம் கொடுத்தார். எதற்குச் செலவாயிற்று என்று அவர் மகன் கேட்டான். குருத்துரோகி என்ற பட்டம்தான் அவனுக்குக் கிடைத்தது; அதையும் சூட்டியவர் சாமியார் அல்லர், பெற்ற தந்தையே. அவ்வீட்டில் இருவரும் இன்றளவும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.